இரண்டும் இடது கால்

பன்னிரண்டு வயதில் நான் ஒரு கால் செய்தேன். கல்யாண முருங்கைக் கட்டை, அப்பாவின் பெட்டியிலிருந்து சுட்ட உளி, மூன்று மதியங்கள். நீளம் 15 அங்குலம். ஐந்து விரல், கட்டை விரல் மட்டும் கொஞ்சம் விலகியிருக்கும். மேலே பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை ஆணியடித்து, செருப்பு மாதிரி மாட்டிக்கொள்ள வழி செய்திருந்தேன். ஒரு கால்தான் செய்தேன். இன்னொன்றுக்குக் கட்டை கிடைக்கவில்லை, பொறுமையும் இல்லை.

அது 1999 கோடை. இடம் நெய்வேலி.

நெய்வேலியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டத்தில், வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற சுரங்க நகரம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டப் போய், தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்குடி வயதிலேயே தெரிந்துவிடும் கதை. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரிக்கு மேலே 50 முதல் 100 மீட்டர் வரை மண். அதை அள்ளி ஒரு பக்கம் கொட்டினால் அதுவே மலையாகிவிடும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டுவிடும். இதெல்லாம் நடப்பதற்குப் பக்கத்திலேயே, ஒன்றுமே நடக்காதது மாதிரி டவுன்ஷிப். எண் போட்ட வட்டங்கள், நேர்நேரான சாலைகள், ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் கொல்லையிலும் ஒரு பலா, ஒரு மா. ஷிப்டுக்கு ஏற்றபடி தூங்கி எழுகிற ஊர். டவுன்ஷிப் முடிகிற இடத்தில் செம்மண்ணும் முந்திரித் தோப்பும்.

எதிர்வீட்டுக்காரன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் வீட்டில் கேபிள் இருந்தது. ஒரு நாள் மதியம் ஏதோ ஆங்கில சானலில் அந்தப் படம் ஓடியது. கலிபோர்னியாவின் ப்ளஃப் க்ரீக்கில் 1967 அக்டோபர் 20ஆம் தேதி ரோஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் எடுத்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. உடம்பெல்லாம் ரோமம், கை வீசி நடந்து போகிறது, ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு, காட்டுக்குள் போய் மரக்கட்டை மேல் ஆப்பிள், மிட்டாய், கோலிக்குண்டு என்று வைத்துவிட்டு வந்து, மறுநாள் இருக்கிறதா என்று பார்க்கும் ஆட்களைக் காட்டினார்கள். பொருள் போயிருந்தால் கொண்டாட்டம். பதிலுக்கு ஒரு கல்லோ இறகோ இருந்தால் அழுகையே வந்துவிடுகிறது அவர்களுக்கு.

நிகழ்ச்சி முடிந்ததும் அவன் கேட்டான். “டேய், உங்க ஆயா சொல்ற முனியும் இதும் ஒண்ணாடா?”

*

ஆயாவின் ஊர் இப்போது இல்லை. எண்பதுகளில் சுரங்கத்துக்குப் போன ஊர்களில் அதுவும் ஒன்று. நிலம் கொடுத்த குடும்பம் என்ற வகையில் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது, ஆயா எங்களோடு வந்தாள். மற்ற சனங்கள் மாற்றுக் குடியிருப்புக்குப் போனார்கள். ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு கல் இருந்ததாம், அதுதான் முனி. பச்சையம்மன் கோயில்களில் ஆளுயரத்தைத் தாண்டி மீசை முறுக்கி உட்கார்ந்திருக்கிற வாழ்முனி, செம்முனி மாதிரி சிலையெல்லாம் கிடையாது. வெறும் கல். ஆடியில் படையல்: சுருட்டு, சாராயம், கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. ராத்திரியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவன் ஊரைச் சுற்றுகிறான் என்று அர்த்தம். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஊரைக் காலி செய்தபோது கல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதுக் குடியிருப்பில் ஒரு ஓரமாக நட்டிருக்கிறார்கள்.

“கல்லு வந்துச்சு. அவன் வரல” என்பாள் ஆயா.

இதை அவள் சோகமாகச் சொல்ல மாட்டாள். பஸ்ஸைத் தவறவிட்ட ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்வாள். அவன் இன்னும் அங்கேதான் சுற்றுகிறான். அங்கே என்றால் குழிக்குள். மரம் இல்லை, எல்லை இல்லை, காவல் காக்க வீடு இல்லை. “அந்தக் குழிக்குள்ள தின்ன என்னா இருக்கும் அவனுக்கு?” இதுதான் அவள் கவலை. இருக்கிறானா இல்லையா என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. சாப்பிட்டானா என்பதுதான் கேள்வி.

நாங்கள் ஆய்வு செய்யப்போகிறோம் என்றதும் முந்தானை முடிச்சிலிருந்து காசை எடுத்து நீட்டினாள். “ரெண்டு சுருட்டு வாங்கிட்டுப் போங்க. வெறுங்கையோட போகாதீங்க.”

*

கூட்டாளிதான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினான். 80 பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டான்: தேதி, வானிலை, வைத்த பொருள், மீதி, தடம். முந்திரித் தோப்பில் வெட்டிப்போட்ட ஒரு அடிமரத்தைத் தேர்ந்தெடுத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் அதன்மேல் பண்டத்தை வைப்போம். சுற்றிலும் சாம்பலைத் தூவுவோம். ஆயா பாத்திரம் தேய்க்கச் சேர்த்து வைத்திருந்த அடுப்புச் சாம்பல்தான், மாவுச் சல்லடையில் சலித்தால் மைதா மாதிரி விழும். ஞாயிறு விடிந்ததும் போய்ப் பார்ப்போம்.

இருபதடி தள்ளி இன்னொரு இடத்திலும் அவன் சாம்பல் தூவச் சொன்னான். அங்கே பண்டம் எதுவும் வைக்கவில்லை.

“அங்க எதுக்குடா?”

“ஒண்ணும் வைக்காத இடத்துலயும் தடம் இருந்துச்சுன்னா, நாம வெச்சதுக்காக வரலன்னு அர்த்தம்ல?”

ஒப்பீட்டுச் சோதனை என்ற சொல்லை நான் கேட்டது பொறியியல் கல்லூரியில். அதை ஒரு எட்டாங்கிளாஸ் பையன் முந்திரித் தோப்பில் வைத்துச் செய்து காட்டியிருக்கிறான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாரம் பலாச்சுளை. காணோம். சாம்பலில் ஐந்து விரல் வைத்த சின்னச் சின்னத் தடங்கள், மரநாய். இரண்டாம் வாரம் அவித்த வேர்க்கடலை. தோல் மட்டும் மிச்சம், அணில். மூன்றாம் வாரம் கருவாடு. நாயோ நரியோ, நகக்குறி தெளிவாக இருந்தது. அடுத்த வாரம் தடத்தைப் பார்த்து எங்களுக்குக் கை கால் உதறியது. குழந்தையின் உள்ளங்கால் மாதிரியே, குதிகால்கூடத் தெரிந்தது. தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, “முள்ளம்பன்னிடா தம்பிங்களா” என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். பக்கத்திலேயே ஒரு முள் கிடந்தது.

சுருட்டு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. நாலு வாரமும்.

நோட்டில் அவன் ஒவ்வொரு வாரமும் எழுதினான்: “சுருட்டு – தொடப்படவில்லை.”

வீட்டுக்கு வந்தால் ஆயா திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். “வந்தானா?”

“மரநாய்தான் ஆயா வந்துச்சு.”

“அதுவும் வவுறுள்ள சீவன்தான்” என்பாள். ஆனால் முகம் விழுந்துவிடும். ஐந்தாவது வாரம் அவள் கேட்கவே இல்லை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது எங்கள் கையை மட்டும் பார்த்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அன்று மதியம்தான் நான் உளியை எடுத்தேன்.

*

ஆறாவது ஞாயிறு. அப்பா நைட் ஷிப்ட். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்கு எழுந்து கட்டைக் காலை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு போனேன். தூரத்தில் சுரங்க விளக்குகள், இயந்திரத்தின் இரைச்சல். சாம்பல் வளையம் அகலமில்லை, இரண்டு தடத்துக்குத்தான் இடம். காலை மாட்டிக்கொண்டு ஒன்று பதித்தேன், தள்ளி நின்று இன்னொன்று பதித்தேன். சுருட்டை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஆயா சொன்னது ஞாபகம் வந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

விடிந்ததும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி அவனோடு போனேன். அவன் கத்துவான், குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். ஸ்கேல் வைத்து அளந்தான். பென்சிலால் வரைந்தான். பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு, தடத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலை வைத்து அழுத்தி, அதையும் அளந்தான். “போலாம்” என்றான்.

ஆயாவிடம் நான்தான் சொன்னேன்.

அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. முட்டிவலியோடு எங்கள் இரண்டு பேர் தோளிலும் கைபோட்டு, தோப்பு வரைக்கும் நடந்து வந்தாள். தடத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை, கும்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தச் சாம்பலை விரலால் வழித்து எடுத்து முதலில் அவன் நெற்றியில் பூசினாள், அப்புறம் என் நெற்றியில், கடைசியாகத் தன் நெற்றியில். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். தடம் அழிந்துபோனது. எங்கள் ஆறு வார ஆய்வின் ஒரே பெரிய ஆதாரம் ஆயாவின் சேலைக்குள் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. ஸ்கூல் திறக்கப்போகிறது என்றான். அதற்கு அடுத்த வாரம் வேறு ஏதோ காரணம். அப்படியே விட்டுப்போனது. சண்டையெல்லாம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வீட்டுக் கேபிளில் கிரிக்கெட் பார்க்கக்கூட நான் போகவில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் இது சின்னப் பையனின் சேட்டை. ஆயா மாற்றுக் குடியிருப்புக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவன் வந்துட்டான், தோப்பு வரைக்கும் வந்துட்டான், இங்க கூட்டிக்கிட்டு வரணும். யாரோ சிரித்திருக்கிறார்கள், யாரோ நம்பியிருக்கிறார்கள். ஆயா தன் கம்மலைக் கழற்றி விற்றாள். தாத்தா வாங்கிக் கொடுத்த கம்மல், அரை நூற்றாண்டு அவள் காதில் இருந்தது. அந்தப் பணத்தில் கல்லைச் சுற்றிச் செங்கல் மேடை, பக்கத்தில் ஒரு மண் குதிரை. ஆடியில் பெரிய படையல். முந்தானையில் முடிந்து வந்த சாம்பலைக் கல்லின் அடியில் வைத்தார்கள். தடம் பார்த்த பிள்ளை என்று முதல் சோறு எனக்கு. ஓட்டைக் காதோடு ஆயா எனக்குப் பரிமாறினாள். நான் சாப்பிட்டேன்.

2001இல் அவள் போய்ச் சேர்ந்தாள். நான் சொல்லவே இல்லை.

*

கல்லூரியில் இணையம் கிடைத்தபோது நான் முதலில் தேடிய விஷயங்களில் ஒன்று இது. பிக்ஃபுட் என்ற பெயரே 1958இல்தான் வந்திருக்கிறது. அதே ப்ளஃப் க்ரீக் பகுதியில் சாலை போட்ட தொழிலாளர்கள் 16 அங்குலத் தடங்களைப் பார்த்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகை பெயரைப் பிரபலமாக்கியது. அந்தச் சாலை வேலையின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002இல் இறந்தார். தடங்கள் அவருடைய விளையாட்டு என்று சொல்லி, மரத்தில் செதுக்கிய கால்களை அவர் குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் நியாயமாக ஜோடியாகச் செய்திருந்தார்.

நம் நாட்டிலும் உண்டு. மேகாலயாவின் காரோ மலையில் மாந்தே புருங் என்று ஒன்றைச் சொல்கிறார்கள், காட்டு மனிதன் என்று பொருள். ஆச்சிக் சுற்றுலாச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் வருடக்கணக்காக அதன் தடத்தைத் தேடிக் காட்டுக்குள் அலைந்தார்கள். கிடைத்த ரோமங்களை 2008இல் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். மரபணுச் சோதனையில் அது கோரல் என்ற மலையாட்டின் ரோமம் என்று வந்தது. 2017இல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் தலைமையிலான குழு, யெட்டியுடையது என்று சொல்லப்பட்ட எலும்பு, பல், தோல், ரோமம் என ஒன்பது மாதிரிகளைச் சோதித்தது. எட்டு கரடி, ஒன்று நாய். 2019 ஏப்ரலில் நம் ராணுவமே மக்காலு முகாம் அருகே 32 அங்குலத் தடம் பார்த்ததாக ட்விட்டரில் படம் போட்டு நாடே சிரித்தது. கரடி நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்தின்மேலேயே பின்கால் பதியும், இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய காலாகத் தெரியும், வெயிலில் பனி உருகினால் இன்னும் விரியும்.

தடத்தை நம்பி ஏமாறுவது ஏதோ கிறுக்கர்களின் வேலை என்றும் நினைக்க வேண்டாம். 1966இல் ஒடிசாவில் சரோஜ் ராஜ் சௌத்ரி தொடங்கிய முறைப்படி, பல பத்தாண்டுகள் நம் புலிகளைக் கால்தடம் வைத்துத்தான் எண்ணினோம். சரிஸ்காவில் ஒரு டஜனுக்கு மேல் புலி இருப்பதாகக் கணக்கு சொன்னது. 2005இல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகுதான் தானியங்கிக் கேமராக்கள் வந்தன. இருக்கிறது என்று சொல்லவேண்டிய கட்டாயம் உள்ளவன் கண்ணுக்குத் தடம் தெரிந்துவிடுகிறது.

நான் இப்போது பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறேன். என் வேலையில் பாதி, இயந்திரங்கள் விட்டுச்செல்லும் பதிவுகளைப் படித்து ராத்திரி என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது. அதுவும் ஒருவகைச் சாம்பல்தான். பதிவில் யாராவது கை வைத்திருந்தால் எனக்கு வருகிற கோபம் டீமில் பிரசித்தம். ஏன் இவ்வளவு கோபம் என்று ஒருமுறை ஜூனியர் பெண் கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

*

சில வருடங்களுக்கு முன் ஜூலையில் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மிளகாய் பஜ்ஜிக் கடை வரிசையில் அவன் நின்றிருந்தான். தொப்பை, கண்ணாடி, கையில் குழந்தை. விருத்தாசலத்தில் வங்கியில் வேலையாம். பேச்சு சுற்றிச்சுற்றி அங்கே வந்தது. “நோட்டு இருக்குடா” என்றான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன்.

80 பக்க நோட்டு, அட்டை போயிருந்தது. ஆறாவது வாரப் பக்கத்தில் என் காலின் படம், விரல் விரலாக. கீழே அவனுடைய குண்டுக் கையெழுத்து:

“சுருட்டு – இல்லை. தடம் 2. இரண்டும் இடது கால். சாம்பலில் அமுங்கியது கொஞ்சம்தான். என் கால் இதைவிட ஆழமாகப் பதிகிறது. கால் பெரியது, எடை இல்லை. ஆயாவிடம் சொல்லவில்லை.”

கடைசி வாக்கியத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“ம்.”

“ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“உனக்குத் தெரிஞ்ச விஷயத்த உங்கிட்ட என்னன்னு கேக்கறது?”

பிறகு குழந்தைக்குப் பால்புட்டியைக் கொடுத்தபடியே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னான். “உங்க ஆயா, மாட்டுக் குளம்பப் பாத்து யார் வூட்டு மாடுன்னு சொல்லும். அதுக்கு ரெண்டு இடது கால் தெரியாமலா போயிருக்கும்?”

இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. தடத்தை அழித்தது பக்தியா, பேரனைக் காப்பாற்றியதா? கம்மலை விற்றது நம்பியா, இல்லை அவள் தேடிக்கொண்டிருந்த ஒரு சாக்கு அன்று கையில் கிடைத்ததா? சொல்ல ஆளில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வரும். அதனாலேயே அந்த விளக்கத்தை நான் முழுசாக நம்புவதில்லை. எனக்கு வசதியான தடம் எதையும் நான் இரண்டு தடவை அளக்க வேண்டியவன்.

நோட்டை மூடப்போனேன். “திருப்பிப் பாரு” என்றான். ஏழாவது வாரம், எட்டாவது வாரம், அதற்குப் பிறகும் நாலைந்து வாரங்கள். தேதி, வானிலை, வைத்த பொருள். ஸ்கூல் திறக்கிறது என்று என்னிடம் சொன்ன வாரங்கள். தனியாகப் போயிருக்கிறான்.

“வேர்க்கடலை ஒரு ஆழாக்கு. சாம்பல் தூவவில்லை.”

“பலாச்சுளை 6. சாம்பல் தூவவில்லை.”

மீதி, தடம் என்ற இரண்டு கட்டங்களும் எல்லா வாரமும் காலி.

“ஏன் தூவல?”

“சாம்பல் போட்டா அது பொறி மாதிரி ஆயிடுதுடா. ஆயா சாப்பிடக் குடுக்கத்தானே சொல்லிச்சு.” அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாற்றுக் குடியிருப்புக்குப் போனேன். செங்கல் மேடைக்கு இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். மண் குதிரைக்கு ஒரு காது உடைந்திருந்தது. கல்லின் முன்னால் யாரோ வைத்த அவித்த முட்டை, எறும்பு மொய்த்துக்கிடந்தது. வழியில் இரண்டு சுருட்டு வாங்கியிருந்தேன். வைத்தேன். போட்டோ எடுக்கலாமா என்று போனைக் கையில் எடுத்தேன், திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். இருட்டுவதற்குள் கடலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.